குல்மார்க்கா, ஔலியா?



பனி பெய்வதை ஒருமுறையேனும் கண்ணாரக் காண வேண்டும் என்னும் ஆசை நம்மில் பலருக்கு உண்டு. கடற்கரை ஊர்களிலும் வயல்சூழ்ந்த ஊர்களிலும் பிறந்து வளர்ந்த நமக்கு, மார்கழிப் பனி என்பது புல்நுனியில் நிற்கும் துளிதான். பஞ்சு உதிர்வதுபோல் வானிலிருந்து இறங்கி, முழங்காலளவு குவிந்து கிடக்கும் வெண்பனியைப் படத்தில் பார்த்தே பழகிவிட்டோம். இப்போதோ சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு குடும்பத்தோடு அங்கே சென்றுவர எண்ணுவோர் பெருகியிருக்கின்றனர். அவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "காஷ்மீரத்துக் குல்மார்க்குக்குப் போவதா, உத்தராகண்டத்து ஔலிக்குப் போவதா?" என்பதே.

ஔலி என்றதும் நம்மவர்களுக்கு அவுலியாக்கள் நினைவுக்கு வருவார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அது இமயமலைச் சரிவிலுள்ள ஒரு புல்வெளியின் பெயர். உண்மையில் இறைநேசர் ஒருவர் அடங்கியிருப்பது குல்மார்க்கின் அடிவாரத்தில்தான். தங்மார்க்கை அடுத்துள்ள அந்த ஊருக்குப் பாபா ரிஷி என்று அவர் பெயரே வழங்குகிறது.

பயணம் ஏற்பாடு செய்து தருவோரிடம் இக்கேள்வியைக் கேட்டால், எந்த ஊருக்கு அவர்களிடம் அறை மீதமிருக்கிறதோ அந்த ஊரே சிறந்தது என்பார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அது அவர்கள் தொழில். நாம்தான் நம் வீட்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். யார் யார் போகிறோம்? எந்த மாதத்தில் போகிறோம்? பனியைப் பார்க்கப் போகிறோமா, பனிச்சறுக்குக் கற்கப் போகிறோமா? இம்மூன்றுக்கும் விடை கண்டபின் ஊரைத் தேர்வது எளிது. ஊரை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ப வாப்பாவையும் உம்மாவையும் பிள்ளைகளையும் வளைக்க முயல்வதால்தான் துன்பம் வருகிறது.

இரண்டு ஊர்கள்

குல்மார்க், பாரமுல்லா மாவட்டத்தில், ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 16ஆம் நூற்றாண்டில் காஷ்மீரை ஆண்ட சுல்தான் யூசுப் ஷா சக் இட்ட பெயர் என்பர். மலர்ப் புல்வெளி என்பது பொருள். ஆங்கிலேய அதிகாரிகள் 1927இல் அங்கே பனிச்சறுக்குக் கழகம் ஒன்றை அமைத்தனர். ஆக, இந்த விளையாட்டு அங்கே ஒரு நூற்றாண்டுப் பழக்கமுடையது. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் முதலாவது கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் அங்கேதான் நடைபெற்றன.

ஔலி, சமோலி மாவட்டத்தில், ஜோஷிமட் நகருக்கு மேலே உள்ளது. அந்நகருக்கு 2024இல் ஜோதிர்மட் என்று பெயர் மாற்றப்பட்டது. ஔலியின் சரிவுகளைச் சுற்றி ஓக் மரங்களும் தேவதாரு மரங்களும் அடர்ந்திருக்கும். எதிரே 7,816 மீட்டர் உயரமுள்ள நந்தாதேவிச் சிகரம் தோன்றும். அந்தக் காட்சிக்கு ஈடு குல்மார்க்கில் இல்லை என்று சொல்வோர் உண்டு. அதில் உண்மையும் உண்டு. 2011ஆம் ஆண்டு ஜனவரியில் தெற்காசியக் குளிர்காலப் போட்டிகளின் பனிச்சறுக்குப் பகுதி ஔலியில் நடைபெற்றது. குல்மார்க்கைவிட இங்கே கூட்டம் குறைவு, ஆரவாரமும் குறைவு.

உயரமும் உடல்நலமும்

நம் நீலகிரியிலுள்ள தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். குல்மார்க் புல்வெளியின் உயரம் ஏறத்தாழ 2,650 மீட்டர். இரண்டும் ஒரே உயரம் என்றே சொல்லிவிடலாம். தொட்டபெட்டாவில் உறைபனி படிவதோடு நின்றுவிடுகிறது. குல்மார்க்கிலோ ஆளுயரத்துக்குப் பனி குவிகிறது. காரணம், தொட்டபெட்டா நிலநடுக்கோட்டுக்கு 11 பாகை வடக்கிலும் குல்மார்க் 34 பாகை வடக்கிலும் இருப்பதுதான். ஆகவே, ஊட்டி சென்று சுகமாகத் திரும்பிய முதியவர் குல்மார்க் புல்வெளியின் உயரத்தைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்வார். அவரைச் சோதிப்பது குளிர்தான்.

ஆனால் குல்மார்க்கின் கேபிள் கார் இரண்டு கட்டங்களாக அமைந்தது. 1998இல் திறக்கப்பட்ட முதற்கட்டம் ஏறத்தாழ 3,100 மீட்டர் உயரமுள்ள கோங்டோரி வரை செல்லும். 2005இல் திறக்கப்பட்ட இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் கிட்டத்தட்ட 4,000 மீட்டர் வரை ஏறும். அந்த உயரத்தில் நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளி, கடலோரத்தில் கிடைப்பதில் ஐந்தில் மூன்று பங்கு அளவே இருக்கும். முந்தின நாள் காலையில் சென்னையில் இருந்தவர், மறுநாள் நண்பகலில் அங்கே நிற்கிறார். தலைவலி, குமட்டல், மூச்சுத் திணறல் ஆகியவை வந்தால் வியப்பில்லை. இதய நோயாளிகள், ஆஸ்துமா உள்ளவர்கள், கருவுற்ற பெண்கள், கைக்குழந்தைகள் முதற்கட்டத்தோடு நின்றுகொள்வதே நல்லது. ஐயமிருப்பின் மருத்துவரைக் கேட்காமல் புல்வெளியைவிட்டு மேலே ஏறவே வேண்டாம். "இவ்வளவு தூரம் வந்துவிட்டு மேலே போகாமல் திரும்புவதா?" என்று சொல்லி முதியவர்களை ஏற்றிவிடாதீர்கள். பனியை முதற்கட்டத்திலேயே கை நிறைய அள்ளலாம்.

ஔலியின் உயரம் 2,500 மீட்டரில் தொடங்கி 3,050 மீட்டரளவில் முடிகிறது. நாற்காலி ஊர்தியில் ஏறினாலும் 4,000 மீட்டருக்குப் போக வழியில்லை. இந்த ஒரு வகையில் ஔலியே குடும்பத்துக்கு இணக்கமானது என்று தோன்றும். ஆனால் அங்கே போய்ச் சேரும் பாதையை எண்ணிப் பார்த்த பிறகே இதை முடிவு செய்ய வேண்டும்.

பாதையும் நிலமும்

குல்மார்க்குக்கு ஸ்ரீநகர் வரை விமானத்தில் செல்லலாம். 2025ஆம் ஆண்டு ஜூன் முதல் கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயிலும் ஓடுகிறது. ஸ்ரீநகரிலிருந்து இரண்டு மணி நேரத்தில் குல்மார்க்கை அடைந்துவிடலாம். பனி மிகுந்த நாட்களில் மட்டும் நம் வாகனம் தங்மார்க்கோடு நின்றுவிடும். சக்கரத்தில் சங்கிலி பூட்டிய உள்ளூர் வாகனத்தில் எஞ்சிய 13 கிலோமீட்டரை ஏற வேண்டும். உடல்நலம் குன்றினால் ஸ்ரீநகரின் பெரிய மருத்துவமனைகள் எட்டும் தொலைவில் உள்ளன.

ஔலிக்கு ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் வரை ஏறத்தாழ 250 கிலோமீட்டர் மலைப்பாதை. ஒரு பகல் முழுவதும் வளைந்து வளைந்து ஏறும் பயணம் அது. சிறுபிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். முதியவர்களின் இடுப்பும் முழங்காலும் நோகும். அவசரமென்றால் உடனே திரும்பவும் முடியாது.

அதைவிட முக்கியமான செய்தி ஒன்றுண்டு. ஜோஷிமட் நகரே பழைய நிலச்சரிவு ஒன்றின் மண்ணின்மேல் அமைந்தது. அங்கே கனத்த கட்டுமானங்கள் கூடாது என்று அரசு அமைத்த மிஸ்ரா குழு 1976ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. அந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்தியவர் இலர். 2023ஆம் ஆண்டு ஜனவரியில் நிலம் அமிழ்ந்தது. எண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டிடங்களில் விரிசல் கண்டது. கடுங்குளிரில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டன. ஜோஷிமட்டிலிருந்து ஔலிக்குச் செல்லும் 4 கிலோமீட்டர் கம்பிவடப் பாதையும் அம்மாதமே நிறுத்தப்பட்டது. ஆகவே பழைய விளம்பரத் தாளில் அந்தக் கம்பிவட ஊர்தியின் படத்தைக் கண்டு மயங்கிப் பணம் கட்டிவிடாதீர்கள். அது இப்போது ஓடுகிறதா என்று முதலில் கேளுங்கள். சாலை வழியாக ஔலிக்குச் செல்லலாம். எனினும், விரிசல் விட்ட வீட்டை விட்டுப் போனவர்களின் ஊர் வழியாகத்தான் நாம் உல்லாசத்துக்குப் போகிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

பனி வாக்களிக்கப்பட்டதன்று

விடுதிக்காரர் அறையை உறுதி செய்வார். வாகனக்காரர் வாகனத்தை உறுதி செய்வார். பனியை உறுதி செய்ய எவராலும் இயலாது. இமயமலைக்குப் பனியைக் கொணர்வது, மத்தியதரைக் கடற்பக்கமிருந்து வரும் மேற்கத்தியக் காற்றழுத்தக் கலக்கங்கள். அவை முதலில் தொடுவது காஷ்மீரை. தென்கிழக்கே உள்ள ஔலியை அடைவதற்குள் அவற்றின் வலிமை பெரும்பாலும் குன்றிவிடுகிறது. அதனால்தான் ஔலியில் செயற்கைப் பனி பொழியும் எந்திரங்களை நிறுவினார்கள். எந்திரம் இருந்தாலும், குளிர் போதாவிடில் நீர் பனியாகாது. பனியின்மையால் 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஔலியில் நடைபெறவிருந்த தேசியப் பனிச்சறுக்குப் போட்டிகள் கைவிடப்பட்டன.

குல்மார்க்கும் இதற்கு விலக்கன்று. 2024ஆம் ஆண்டு ஜனவரியில் பெரும்பகுதி நாட்கள் குல்மார்க் புல்வெளி வெறும் காய்ந்த புல்லாகவே கிடந்தது. முன்பதிவு செய்தவர்கள் பயணத்தை நீக்கிக்கொண்டனர். அதே ஆண்டு டிசம்பர் 27ஆம் நாளோ காஷ்மீரில் பெரும்பனி கொட்டி, நெடுஞ்சாலை அடைபட்டு, விமானங்கள் ரத்தாயின. 2025 பிப்ரவரியில் மறுபடியும் பனி போதாமல் கேலோ இந்தியாப் போட்டிகளின் குல்மார்க் பகுதி மார்ச்சுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. இவ்வாறு பனி வருவதும் வராமலிருப்பதும் முன்போல் நாட்காட்டிக்குள் அடங்குவதில்லை.

நம் பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறை டிசம்பர் இறுதியில் வருகிறது. காஷ்மீரிகள் 'சில்லை கலான்' என்றழைக்கும் நாற்பது நாள் கடுங்குளிர்க் காலம் டிசம்பர் 21இல்தான் தொடங்குகிறது. ஆகவே நம் விடுமுறை, பனிக்காலத்தின் வாசற்படியிலேயே முடிந்துவிடுகிறது. அப்போது பனி கிடைத்தால் நற்பேறு, கிடைக்காவிடில் ஏமாற்றம். ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி இறுதி வரை பனிக்கு வாய்ப்பு மிகுதி. இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். வரும் ஆண்டுகளில் ரமழான் மாதம் இந்தப் பருவத்துக்குள்ளேயே வருகிறது. பிறைக்கு உட்பட்டு, 2027இல் பிப்ரவரி இரண்டாம் வாரத் தொடக்கத்திலும், 2028இல் ஜனவரி இறுதியிலும் நோன்பு தொடங்கக்கூடும். எனவே 2027இல் செல்ல விரும்புவோருக்கு ஜனவரிப் பிற்பகுதியே ஏற்ற காலம். பள்ளிக்கூடத்தில் நான்கு நாள் விடுப்புக் கேட்பதா, விடுமுறையிலேயே சென்று பனி கிடைத்தவரை பார்த்து வருவதா என்பதைப் பெற்றோர் கலந்து முடிவு செய்ய வேண்டும். இதில் ஸ்ரீநகருக்கு ஒரு சிறப்பு உண்டு. பனி இல்லாமற் போனாலும் தால் ஏரியும் முகலாயர் தோட்டங்களும் ஹஸ்ரத்பால் பள்ளிவாசலும் பார்க்க இருக்கின்றன. சென்ற பயணம் வீணாகாது. ஔலியில் பனி இல்லையெனில் மலைக்காட்சி ஒன்றே மிஞ்சும்.

பார்ப்பதா, கற்பதா?

வாடகைக்குப் பனிச்சறுக்குப் பலகையை வாங்கி, ஒரு மணி நேரம் விழுந்து எழுந்து, படம் பிடித்துக்கொண்டு திரும்புவது பனிச்சறுக்கு ஆகாது. விழுவது எப்படி, எழுவது எப்படி, பலகைகளின் முன்முனைகளை நெருக்கிப் பின்பக்கத்தை அகற்றி வேகத்தைத் தணிப்பது எப்படி என்று கற்கவே முதல் இரண்டு மூன்று நாட்கள் ஆகிவிடும். நிற்கத் தெரியாமல் ஓடத் தெரிந்தவன் தனக்கும் ஆபத்து, பிறருக்கும் ஆபத்து. முறையாகக் கற்க விரும்பும் இளைஞர்களுக்குக் குல்மார்க்கில் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனமும், ஔலியில் கட்வால் மண்டல வளர்ச்சிக் கழகமும் வகுப்புகள் நடத்திவருகின்றன. ஔலியில் 7 நாள், 14 நாள் வகுப்புகள் உண்டு. ஒரே ஊரில் இரு வாரம் தங்கி, ஒரே சரிவில் காலை முதல் மாலை வரை பழகுவோருக்கு ஔலியின் அமைதி உதவும். அந்நாட்களில் 250 கிலோமீட்டர் பாதையின் களைப்பும் பெரிதாகத் தோன்றாது.

கற்றவர்களும் ஒன்றை மறந்துவிடலாகாது. குல்மார்க்கில் கயிறு கட்டிக் குறித்த எல்லைக்கு அப்பாலுள்ள சரிவுகளில் பனிப்பாளம் பெயர்ந்து விழுவதுண்டு. 2010ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் இராணுவப் பயிற்சியில் இருந்த வீரர்கள் 17 பேர் அவ்வாறு மாண்டனர். 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்ய நாட்டவர் ஒருவரும் உயிரிழந்தனர். அவர்கள் பழக்கமில்லாதவர்கள் அல்லர். புதுப்பனி விழுந்த மறுநாள் வெயில் அழகாக இருக்கும். ஆபத்தும் அன்றுதான் மிகுதி. காற்று வலுத்தால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள். 2017ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் பலத்த காற்றில் மரம் ஒன்று சாய்ந்து கம்பிவடத்தைத் தாக்கியதில் ஏழு பேர் இறந்தனர். ஆகவே "பணம் கட்டியிருக்கிறோம், ஏன் நிறுத்தினீர்கள்?" என்று அங்கே சண்டையிடாதீர்கள்.

அச்சமும் மனிதர்களும்

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட கொடுமையை எவரும் மறந்திருக்க மாட்டோம். பயணிகளைக் காக்க முயன்ற உள்ளூர்க் குதிரைக்காரர் ஒருவரும் அன்று உயிரிழந்தவர்களுள் ஒருவர். அதன்பின் காஷ்மீரில் பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டன. பின்னர்ப் படிப்படியாகத் திறக்கப்பட்டன. எனவே புறப்படுமுன் அரசின் அறிவிப்புகளைப் பார்ப்பது கட்டாயம். அச்சமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டிலுள்ள ஒருவர் மனம் ஒப்பாவிடில் அவரை வற்புறுத்தி அழைத்துச் செல்லவும் வேண்டாம்.

அதே நேரத்தில், 2024 டிசம்பர்ப் பெரும்பனியில் வழியில் சிக்கிய பயணிகளுக்குக் காஷ்மீரிகள் வீடுகளைத் திறந்துவிட்டதையும், சோன்மார்க் செல்லும் சாலையிலுள்ள குந்த் என்னும் ஊரின் ஜாமிஆ பள்ளிவாசலில் பஞ்சாபிலிருந்து வந்தோர் இரவு தங்க வைக்கப்பட்டதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். குல்மார்க்கில் ஸ்லெட்ஜ் என்னும் சறுக்குவண்டியில் நம்மை உட்கார வைத்து இழுத்துச் செல்வோருக்கு இந்தச் சில மாதங்களே வருவாய்க் காலம். பனி பெய்யாத ஆண்டில் நமக்குப் போவது ஒரு விடுமுறை. அவருக்குப் போவது ஓர் ஆண்டுச் சோறு. ஏறுமுன் கூலியைப் பேசி முடிவு செய்யுங்கள். பேசிய கூலியை முகம் கோணாமல் கொடுங்கள்.

உணவைப் பற்றியும் பலர் வினவுகின்றனர். காஷ்மீரில் ஹலால் இறைச்சியுணவுக்குக் குறைவில்லை. குளிர்காலக் காலைகளில் ஸ்ரீநகரில் கிடைக்கும் ஹரீஸா பெயர்பெற்றது. ஜோஷிமட் பத்ரிநாத் யாத்திரிகர்களின் ஊர். அங்கே பெரும்பாலும் சைவ உணவே கிடைக்கும். சோறும் பருப்பும் போதுமென்பவருக்கு அதனால் குறையொன்றுமில்லை.

எனவே முடிவு யாது?

வாப்பா, உம்மா, பிள்ளைகள் என்று குடும்பமாக வாழ்நாளில் ஒருமுறை பனியைக் காணச் செல்வோருக்குக் குல்மார்க்கே பொருந்தும். ஸ்ரீநகரில் ஓரிரவு தங்கி உடலைப் பழக்கிக்கொண்டு மேலே செல்லுங்கள். கேபிள் கார்ச் சீட்டை இணையத்தில் முன்னதாகவே பதிவு செய்யுங்கள். முதியவர்களை முதற்கட்டத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். திரும்பும் விமானத்துக்கு முன் ஒரு நாளை வெறுமனே விட்டு வையுங்கள். பனி அந்த நாளைக் கேட்டாலும் கேட்கும். பனிச்சறுக்கைக் கற்றே தீருவேன் என்னும் இளைஞர்கள், கால அவகாசமும் இருப்பின், பனி விழுந்த செய்தியை உறுதி செய்துகொண்டு ஔலிக்குச் செல்லலாம். கம்பிவட ஊர்தியை நம்பாமல், சாலைவழிப் பயணத்துக்கே ஆயத்தமாக வேண்டும்.

உள்ளாடை முதல் கையுறை வரை கம்பளியாக எடுத்துச் செல்லுங்கள். வெண்பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணை உறுத்தும். கறுப்புக் கண்ணாடி பிள்ளைகளுக்கும் வேண்டும். வழக்கமாக உண்ணும் மாத்திரைகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் இட்டால், பெட்டி ஓர் ஊரிலும் நீங்கள் ஓர் ஊரிலும் இருக்க நேரலாம்.

இன்ஷா அல்லாஹ், நீங்கள் செல்லும் நாளில் பனி பெய்யட்டும். பெய்யாவிடில், அதற்காக வாகனக்காரரையும் விடுதிக்காரரையும் கடிந்துகொள்ளாமல், குடும்பத்தோடு கூடியிருந்த நான்கு நாட்களுக்காக நன்றி செலுத்தித் திரும்புங்கள்.

வஸ்ஸலாம்.